வேன் நேரத்துக்குத் திறந்த கேட்

எனக்கு வயது எழுபத்தாறு. எட்டுப் பேரை வளர்த்திருக்கிறேன். அதில் நான் பெற்றது ஐந்து. எல்லோருக்கும் முதலில் வளர்த்தது என் தம்பியை. கடைசியாக வளர்ப்பது, தம்பி கொண்டுவந்து என் கையில் ஒப்படைத்த இரண்டு பிள்ளைகளை. அந்த இருவரில் மூத்தவள் செல்வி. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள்தான்.

தம்பி காலமாகி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய மகன்கள் எழுதியிருக்கிறார்கள். கூட வேலை பார்த்த ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் இரண்டு பக்கம் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். அவரை இடுப்பில் வைத்திருந்தவள் நான். எனக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு? வீட்டில் அவரை "ஏலே" என்றுதான் கூப்பிடுவேன். மலரில் அப்படி வரக்கூடாதாம். சரி, மரியாதை போட்டே சொல்கிறேன். அந்த மரியாதைக்கு அவர் உரியவர்தான்.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கம். வானம் பார்த்த கரிசல் பூமி. அப்பா கூலி வேலைக்குப் போனவர். தம்பி பிறந்த மாதத்திலேயே அம்மா போய்விட்டார்கள். அப்பா காட்டுக்குப் போக, பிள்ளை என் இடுப்புக்கு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஆண்டுதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். பிள்ளையோடு போய் நின்றேன்.

"பிள்ளைய விட்டுட்டு வா. இல்லைன்னா வெளிய நில்லு" என்றார் அப்போதிருந்த வாத்தியார்.

யாரிடம் விட்டுவிட்டு வருவது? ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உயிரெழுத்து முழுவதும் நான் அந்த ஜன்னல் வழியாகக் கற்றதுதான். அடுத்த எழுத்துகளை ஆரம்பித்த அன்று தம்பி ஒரேயடியாக அழுதார். வாத்தியார் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். அதோடு என் படிப்பு முடிந்தது. மீதி எழுத்துகளைப் பிற்பாடு தம்பி படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன். பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை வாசிப்பேன். கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான்.

தீப்பெட்டி ஒட்டி அவரைப் படிக்க வைத்தேன். உள்ளூரில் முடித்து, சாத்தூரில் படித்து, ஆசிரியர் பயிற்சிக்கும் போய் வந்தார். என்னை மாமன் மகனுக்கே கொடுத்ததால் நான் அதே தெருவில்தான் இருந்தேன். எந்தப் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே அவரைத் தூக்கிக்கொண்டு நின்றேனோ, அதே பள்ளிக்கூடத்துக்கு அவர் வாத்தியாராக வந்தார். பிறகு தலைமையாசிரியர் ஆனார். பிள்ளைகளை அடிக்க மாட்டார். சாக்பீஸ் துண்டைக்கூட வீசமாட்டார், சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். துவைக்கும்போது தம்பி மனைவி ஒவ்வொரு நாளும் திட்டுவார். திட்டு வாங்கியவர் மறுநாளும் துண்டோடுதான் வருவார்.

ஓய்வு பெற்றதும் ஊர்க் கமிட்டி அவரையே பள்ளி நிர்வாகியாக வைத்துக்கொண்டது. அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தை ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்துத் தாய்மார் பலரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். கம்பெனி வேன் காலை ஆறரைக்கே ஊருக்குள் வந்துவிடும். பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு. பால்வாடி அதற்கும் பிறகு. கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் மூத்த பெண் பிள்ளை வீட்டோடு நின்றுவிடும். தீபாவளிக்கு முந்திய சீசனில் பெண் பிள்ளைகள் உட்காரும் பக்கம் காலியாகக் கிடக்கும். தம்பி ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"அக்கா, நாளையில இருந்து நீ என்கூடப் பள்ளிக்கூடத்துக்கு வரணும்."

"ஏலே, இந்த வயசுல எனக்கு எதுக்குலே பள்ளிக்கூடம்? பரீட்சை எழுதவா?"

"எழுத வேண்டாம். வேன் வாற நேரத்துக்கே கேட்டைத் திறக்கப் போறேன். பொம்பளப் பிள்ளைக அதுக தம்பி தங்கச்சியத் தூக்கிட்டே வரட்டும். நீ வராந்தாவுல வச்சிப் பாத்துக்கோ. அதுக உள்ள இருந்து படிக்கட்டும்."

வராந்தா உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தூளி கட்டினோம். முதல் நாள் நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். பள்ளிக்கூடத்தை வேன் நேரத்துக்குத் திறந்தால் வேறு எதற்காக இருக்கும் என்று ஊர் நினைத்துவிட்டது. ஒரு தாய் தன் மகளைப் பழைய பாவாடையும் தூக்குச்சட்டியுமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "சார், இங்கன பெட்டி ஒட்டுறதா, திரி திரிக்கிறதா? கூலி வாரத்துக்கா, மாசத்துக்கா?" என்று கேட்டார். தம்பி கொஞ்சமும் சிரிக்காமல், "அ ஆ எழுதுறது தாயி. கூலி உன் மக பெரியவளாகி வாங்கிக்கிடுவா" என்றார்.

எல்லாப் பிள்ளைகளும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டன. அவருடைய சொந்தப் பேரனுக்கு இது பிடிக்காது. "எங்க தாத்தாவ அம்புட்டுப் பேரும் தாத்தாங்காக" என்று அழுதுகொண்டு வருவான். "ஏலே, உனக்கு வீட்டுல இருக்கேன்ல, அவுகளுக்குப் பள்ளிக்கூடத்துல" என்று மடியில் தூக்கி வைத்துச் சமாதானம் செய்வார்.

கமிட்டித் தலைவருக்கு இந்தக் கேட் விஷயம் ஒத்துவரவில்லை. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறவர். முறைக்கு எனக்குக் கொழுந்தன். கமிட்டி கூடிய அன்று வராந்தாவுக்கு வந்து தூளிகளைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, பள்ளிக்கூடமா, பிள்ளைத்தாய்ச்சி ஆஸ்பத்திரியா? ஒரு பிள்ளை விழுந்து மண்டை உடைஞ்சா யாரு பதில் சொல்லுறது?"

தம்பி என்னைக் கைகாட்டினார். "எங்க அக்காவ இந்த ஜன்னலுக்கு வெளிய நிறுத்துனாக மச்சான். இடுப்புல இருந்த பிள்ளை நான்தான். நான் படிச்சிட்டேன். அவுக அங்கனயே நிக்காக."

அந்த ஜன்னல் கதையை நான் அவரிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன், அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது. மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். அன்று தூளி ஆட்டுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்து வந்த சீசனில் ஒரு நாள் மதியம், பள்ளிக்கூடமே அதிருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காட்டுப் பக்கம் புகை எழும்பியது. எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் எல்லாம் கேட்டுக்கு ஓடின. தம்பி கேட்டில் முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"யாரும் போகக்கூடாது. உங்க அம்மா இங்கனதான் வருவாக. நீங்க ஆளுக்கொரு பக்கம் ஓடிட்டா அவுக எங்கன போயித் தேடுவாக?"

அவர் சொன்னபடியே நடந்தது. வேன்கள் திரும்பியதும் தாய்மார் வீட்டுக்குப் போகவில்லை. கையிலும் முகத்திலும் பட்டாசு மருந்தோடு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்து தங்கள் பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டார்கள். பொழுது சாயும்போது வராந்தாவில் ஒரு பெண் பிள்ளை மட்டும் நின்றது. மூன்றாம் வகுப்பு, செல்வி. இடுப்பில் அவள் தம்பி. அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா முன்பே இல்லை.

தம்பி அவள் முன்னால் உட்கார்ந்தார். "தம்பிய ஆச்சிகிட்டக் குடு தாயி" என்று மட்டும் சொன்னார். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகும் அவள் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தே நின்றாள். ஒன்பது வயதில் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். அவளுக்கு அழுகை வந்தது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான்.

தலைவரும் அன்று வந்திருந்தார். "இனிமே கேட்டுப் பேச்சை எடுக்க மாட்டேன் மாப்ளே" என்றார். சொன்ன சொல்லைத் தம்பி இருந்தவரை காப்பாற்றினார்.

அதன்பின் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வேன் வராத நாளில் மட்டும்தான் கேட் நேரம் கழித்துத் திறக்கும். மற்ற நாளெல்லாம் வேன் சத்தத்துக்கு முன்னால் தம்பி நிற்பார்.

சென்ற ஆண்டு சீசன் நேரத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. சாத்தூரில் பார்த்துவிட்டு விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விடியும் முன்னே கண் விழித்தவர் சட்டைப்பையைத் தடவினார்.

"அக்கா, கேட்டுச் சாவியக் கையோட கொண்டாந்துட்டேனே. பிள்ளைக வந்து நிக்குமே."

"ஏலே, நீ பேசாமப் படு. உன் மூத்தவன்கிட்டக் குடுத்து முதல் பஸ்ஸுக்கு அனுப்பிட்டேன்."

ஆறுதலுக்குச் சொன்னதல்ல, அனுப்பித்தான் இருந்தேன். சற்று நேரத்தில் அவன் செல்போனில் பேசினான். "அத்தை, திறந்தாச்சு." நான் போனைத் தம்பியின் காதில் வைத்தேன். பிள்ளைகளின் கூச்சல் எனக்கே கேட்டது. யாரோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "தூளிய ஆட்டச் சொல்லுக்கா" என்றார். மறுநாள் அவர் எங்களை விட்டுப் போனார்.

காரியங்கள் முடிந்ததும் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள இருந்தவரைக்கும் சரி. இனிமே ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு மதினி பொறுப்பு?"

"நான்."

"உங்களுக்கு வயசு எம்புட்டு?"

"என் வயசு உமக்கு எதுக்கு? கேட்டைத் தூக்கவா போறேன்? திறக்கத்தானே போறேன்."

அந்தத் துக்கத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வருசம் திரும்புற வரைக்கும் சாவிய நீங்க வச்சுக்கோங்க. அன்னைக்குக் கமிட்டி கூடி முடிவு பண்ணுவோம்" என்றார்.

வருடம் திரும்பிவிட்டது. இந்த ஓராண்டும் கேட்டை நான் திறந்தேன். இப்போது முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. செல்விதான் வளர்ந்துவிட்டாளே, அவளிடம் கொடுங்கள் என்கிறார்கள். கொடுக்க மாட்டேன். அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இடுப்பில் இருந்த பிள்ளையை இறக்கி வைத்துவிட்டுத்தான் அவள் வகுப்புக்குள் போனாள். அவள் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றினால் என் தம்பி செய்தது எல்லாம் வீண். வளர்ந்தவர்கள்தான் இதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

தம்பியைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ்மாருக்கும், பள்ளிக்கூடத்து வாசலில் வேகத்தைக் குறைத்து ஓட்டும் வேன் டிரைவர்களுக்கும், அன்று கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்து தம்பிக்கு மாலை போட்ட தாய்மாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரை அச்சடித்துத் தந்தவர் கமிட்டித் தலைவர். ஆகவே இதை எல்லோருக்கும் முந்தி அவர் வாசித்திருப்பார். அவருக்கும் நன்றி சொல்கிறேன், கொழுந்தன் என்பதால் கொஞ்சம் குறைவாக.

இன்று தம்பியின் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் பூ, பழத்தோடு ஒரு சாவியும் இருக்கும். பூப்போட வருகிறவர்கள் பார்க்கலாம். எடுக்கிறவர்கள் எடுக்கலாம். யாரும் எடுக்கவில்லை என்றால் நாளைக் காலை வேன் நேரத்துக்கு நானே போவேன், மெதுவாக நடந்து.

செல்வி, எழுதியது போதும், பேனாவை வை. உன் தம்பியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வை. அந்த ஜன்னலைத் திறந்துவிடு. ம், முதலில் இருந்து வாசி, கேட்கிறேன்.