பதினோராவது விதி

அந்தப் பத்துமுகச் சிவப்புப் பகடை மூன்று முறை புரண்டு ஒன்பதில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. சூலியா தெருவில் ஓர் உணவகத்தின் மாடி. சனிக்கிழமை மாலை நான்கு இருபது. "பிரதி எடுத்தாச்சு" என்று எங்கள் பழைய மேலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் அவருக்குக் கீழே இருந்தேன். கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் மென்பொருள் ஒன்றை ஏழு மாதம் உட்கார்ந்து எழுதினேன். இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு வரிகள். என் பெயரிருந்த முதல் வரியை மட்டும் மாற்றித் தன் பெயரைப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். அவருக்குப் பதவி உயர்வு. எனக்குத் தோளில் ஒரு தட்டு. எதையும் படிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்திடுவார்.

ஓய்வு பெற்ற எங்களை ஒரு விளையாட்டு மறுபடி சேர்த்தது. எங்கள் பிரிவில் வேலை பார்த்த, எல்லோரும் தங்கச்சி என்று கூப்பிடும் ஒருத்தி கொண்டுவந்தாள். தாளும் பகடையும்தான், ஆனால் கதை நடப்பது வருங்கால நகரத்தில். மூளையைக் கணினியோடு இணைத்து நிறுவனங்களுக்குள் ஊடுருவும் திருடர்களாக நால்வர் ஆடுவார்கள், ஒவ்வொருவரின் கதை ஆளுக்கும் அவன் திறன்களை எழுதிய ஒரு தாள் உண்டு. கதையை நடத்துபவன் நான். மென்பொருளைப் பிரதி எடுக்கத் தெளிவான விதி இல்லையென்று அவர்கள் குறைபட்டதும் எழுதித் தந்தேன். ஆறு பக்கம், பதினான்கு விதிகள். பகடையில் எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் பிரதி கிடைக்கும். பதினோராவது விதி இது: படித்துப் பார்க்காமல் எடுத்த பிரதி, ஆபத்து வேளையில் திருடனின் மூளையைப் பூட்டிவிடும், எழுதியவர் பெயரை வாய்விட்டுச் சொன்னால்தான் திறக்கும். மூவர் படித்துக் கையெழுத்திட்டார்கள். அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

கதையின் பெட்டகத்தில் நான் வைத்திருந்த மென்பொருளுக்கும் இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு வரிகள் என்று அறிவித்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிரதி எடுத்தார், படிக்கவில்லை. காவலர்கள் சூழ்ந்தபோது அதை இயக்கினார். நான் விதியை வாசித்தேன்.

"அந்த வரிங்கள எழுதினது யாரு போஸ்? பேரச் சொல்லுங்க, போதும்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "விளையாட்டுத்தானே லா" என்றார்.

மூன்று ஆண்டுகளில் ஆடிய தொண்ணூற்றாறு சனிக்கிழமைகளில் அவர் வளர்த்த ஆள் அது. பேரப்பிள்ளைகளிடம் அவனைப் பற்றிப் பெருமையடிப்பார். தங்கச்சி கெஞ்சவே செய்தாள். "சொல்லிருங்க போஸ், ஒரு பேருதானே. ஆளு செத்துருவான்."

பெயரைச் சொல்ல நாற்பது வினாடி கொடுத்து எண்ணினேன். தன் ஆளின் தாளை நான்காக மடித்து மேசையில் வைத்தார்.

"சாகட்டும்" என்று எழுந்து படியிறங்கினார்.

தங்கச்சி மெல்ல என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த டெஸ்ட் புரோகிராம், ஃபாக்டரில போஸுக்குக் கைதட்டினோமே... அது உங்களோடதா?"

ஆமாம் என்றேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் அதைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

ஒன்பது சனிக்கிழமைகளாக அவர் வரவில்லை. அந்த ஒரு விதியை எடுத்துவிட்டால் வருவார் என்று மூவரும் சொல்கிறார்கள். இருக்கலாம். பதினான்கும் அப்படியே இருக்கின்றன.