செக்குமாட்டுத் தூக்கம்

எங்கள் வீட்டுக்காரரைப் போலீசில் சேர்த்தது நான்தான். இதை நான் சொன்னால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டுமே. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் ஒருத்தி, கர்லாக்கட்டை சுற்றுகிறவருக்கு வழி சொன்னாள் என்றால் யார் நம்புவார்கள்?

யுத்தக் காலம். புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் அவர் வேலை பார்த்தார். துணிக்குக் கட்டுப்பாடு வந்து அலமாரிகள் பாதி காலியாகிவிட்டன. இன்னும் ஒரு வருஷம் கடை ஓடினால் பெரிசு என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சமஸ்தானப் போலீசில் ஆள் எடுத்தார்கள். மாதா மாதம் நிச்சயமான சம்பளம், தலையில் தொப்பி. முதல் தடவை போனபோது மார்பளவு போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அப்போது இருபத்து நாலு வயது. இருபத்தைந்து முடிந்தால் எடுக்க மாட்டார்கள்.

அன்றைக்கே வைராக்கியம் வந்துவிட்டது மனுஷருக்கு. எங்கிருந்தோ ஒரு கர்லாக்கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் எப்போது சுற்றுவது? கடை திறப்பது காலை எட்டுக்கு. ராத்திரி ஒன்பதுக்குக் கதவைச் சாத்தி, பிரித்துப் போட்ட துணிகளையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டு வர ஒன்பதரை ஆகும். நாங்கள் இருந்தது வரிசை வீடு; கொல்லைக்கிணறு ஏழு குடித்தனத்துக்கும் பொது. விடிந்தால் பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். அவர்கள் எதிரில் கோவணத்தைக் கட்டிக்கொண்டு தண்டால் எடுக்க அவருக்குக் கூச்சம். ஆகவே ராத்திரி பத்து மணிக்கு மேல் அவருடைய பள்ளிக்கூடம் ஆரம்பிக்கும். தண்டால், உட்கார்ந்து எழுகிற பஸ்கி, கர்லாக்கட்டை. அதுவும் போதாமல் என் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கித் தலைக்கு மேல் பிடிப்பார். காலையில் மாவாட்டப் போனால் குழவி கிணற்றடியில் கிடக்கும். எனக்கு வராத கோபமா!

இதில் என் பங்கும் உண்டு, மறைக்க மாட்டேன். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் அய்யா செக்கு வைத்திருந்தவர். செக்குக்காரர் வீட்டில் உடம்பு தேற்ற ஒரே மருந்துதான்: பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, மேலே நல்லெண்ணெய். அதைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பதுதான் வழக்கம். நானோ, உழைத்துக் களைத்து வருகிற மனுஷருக்கு அப்போதே ஊற்றினால் அப்படியே உடம்பில் ஒட்டும் என்று நினைத்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு முட்டையும் அரை ஆழாக்கு எண்ணெயும் ஊற்றினேன். அதற்கு மேல் சோறு வேறு. கேட்பாரில்லை, பார்ப்பாரில்லை.

தோள் திரண்டது, அதைச் சொல்ல வேண்டும். சட்டை அக்குளில் கிழிந்து நான் இரண்டு தடவை தைத்தேன். தைக்கத் தைக்க எனக்குப் பெருமை. ஆனால் மனுஷர் தூங்கவில்லை. புரண்டு புரண்டு படுப்பார், எழுந்து தண்ணீர் குடிப்பார், ஏப்பம் விடுவார். இரண்டு மணிக்குக் கண் அயர்ந்தால் ஆறு மணிக்கு நான் உலுக்க வேண்டும். கடையில் நின்றுகொண்டே தூங்கி, எட்டு முழ வேட்டியை ஏழு முழத்தில் கிழித்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இரண்டாம் தடவை ஆள் எடுப்புக்குப் போனார். நாடாவைப் பிடித்தார்கள், மார்பளவு சரியாக வந்துவிட்டது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"என்னப்பா, நெஞ்சு இந்த ஓட்டம் ஓடுது? கண்ணு செவசெவன்னு கெடக்கு. குடிப்பியா?"

"ஐயோ, இல்லைங்க."

"அப்ப ஒடம்புல ஏதோ சீக்கு இருக்கு. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ எடுப்போம், பார்த்துக்க."

அந்தத் தடவையும் தவறினால் அவருக்கு வயது தாண்டிவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கொல்லைக்குப் போனார். நூறு பஸ்கி போடுகிற இடத்தில் இருநூறு. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டி, "தம்பி, பூமி அதிருதுப்பா" என்றார். பன்னிரண்டு மணிக்கு வந்து படுத்தார். தூங்குகிறாரா என்று முதுகில் கை வைத்தேன். அப்படி ஒரு சூடு. விலா ஏறி ஏறி இறங்குகிறது. கண் திறந்தே இருக்கிறது.

இதே சூட்டை நான் தொட்டிருக்கிறேன். அய்யா வீட்டில் விளக்கு வைத்தால் மாட்டைச் செக்கிலிருந்து அவிழ்த்துவிடுவார்கள். ஒரே ஒரு தடவை, கோயில் திருவிழா விளக்குக்கு எண்ணெய் போதவில்லை என்று நடுராத்திரி வரை ஓட்டினோம். ஓட்டியவள் நான்தான், எனக்குப் பதினோரு வயது. அவிழ்த்துக் கட்டிய பிறகு அந்த மாடு படுக்கவில்லை. விடிய விடிய நின்றது. பருத்திக்கொட்டையை மூக்கால் தள்ளிவிட்டது. அசை போடவே இல்லை. மறுநாள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நட்ட நடுவில் நின்றுவிட்டது, அடித்தும் நகரவில்லை. செக்கில் கிடந்த எள் பாதியும் வீண். சூடு ஆறாமல் மாடு படுக்காது, படுக்காமல் அசை போடாது, அசை போடாமல் தின்றது உடம்பில் சேராது. எங்கள் வீட்டில் இது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தெரிந்த எனக்குத்தான் இத்தனை நாள் புத்தியில் உறைக்கவில்லை.

மறுநாள் ராத்திரி சொன்னேன். "இனிமே ராத்திரி ஒண்ணும் வேண்டாங்க. சாப்பிட்டுட்டுப் படுங்க. சூடு ஆறினாத்தான் மாடு படுக்கும்."

"என்ன புள்ள, என்னையச் செக்குமாடுங்கிறியா?"

"செக்குமாட்டுக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலைங்கிறேன்."

கத்தினார். மூன்று மாதம்தான் இருக்கிறது, இப்போது விட்டால் தோள் வற்றிவிடும், பொம்பளைக்கு என்ன தெரியும், எல்லாம் சொன்னார். கர்லாக்கட்டையை எடுத்து வந்து என் பாயில் கிடத்தினேன், சேலைத் தலைப்பால் அதை என்னோடு சேர்த்துக் கட்டினேன், கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

"அடிப்பாவி!" என்றார். கட்டைக்கு மறுபக்கம் படுத்தார்.

முதல் மூன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. கோபம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். நானும் தூங்கவில்லை, கட்டை விலாவில் குத்தியது. பயமாகவும் இருந்தது. நான் சொல்வது தப்பாகப் போய், வேலை கிடைக்காமல் போனால் காலம் முழுக்க இவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? நாலாம் ராத்திரி பத்து மணிக்குக் குறட்டை கேட்டது. அந்தக் குறட்டையைப் போல இனிமையான ஒன்றை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து, நாலரை மணிக்கு நான் எழுப்பாமல் அவரே எழுந்தார். கட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். குளக்கரைக்குப் போய்விடுவார், அங்கே அந்த நேரத்தில் ஈ காக்கை இருக்காது. திரும்பி வந்து குளித்ததும் முட்டையும் எண்ணெயும். முட்டை ஒன்றுதான், எண்ணெயும் ஒரு கரண்டிதான். ராத்திரி வந்தால் கஞ்சி, படுக்கை. என் குழவி ஆட்டுக்கல்லிலேயே இருந்தது. கண்ணில் சிவப்பு போனது. கடையில் ஒரு வேட்டியும் குறையவில்லை.

கடைசி ஆள் எடுப்புக்கு நானும் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் புளியமரத்தடியில் நின்றேன். வெயில் ஏறியது. ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். சிலர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சிலர் ஓடிக்கொண்டு. குலதெய்வத்துக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன்.

அவர் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேரே என் எதிரில் வந்து நின்றார்.

"என்னங்க ஆச்சு?"

தாடையை மட்டும் இங்கிட்டும் அங்கிட்டும் மெல்ல அசைத்தார், மாடு அசை போடுகிற மாதிரி. கண்ணைப் பாதி மூடிக்கொண்டார்.

எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று சிரித்தேன், அழுதேன், இரண்டையும் சேர்த்துச் செய்தேன்.

வழியில் சொன்னார்: "அதே டாக்டர்தான் புள்ள. நெஞ்சு கடியாரம் மாதிரி அடிக்குது, எந்த வாத்தியார்கிட்டப்பா போனேன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"செக்கு ஓட்டினவங்ககிட்டன்னு சொன்னேன். அவருக்கு வெளங்கல."

விளங்காவிட்டால் போகிறது. அன்று ராத்திரி எட்டு மணிக்கே விளக்கை அணைத்தேன். என் பாயில் கட்டை இல்லை. அவருக்கு முன்னால் நான் தூங்கிப்போனேன்.