அரை அங்குலக் கம்பி வலை

போன வருடம் ஆடி மாதம், அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நடந்தது இது. கோபம் வந்தால் எனக்கு வரிசை எண் போட்டு எழுதினால்தான் அடங்கும். அன்று எழுதியதை அப்படியே தருகிறேன்.

1. முயல்கள் குட்டி போட்டு வளர்ப்பதற்காக ஒரு கூண்டு வரைந்தேன்.
2. அதை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்யக் கொடுத்தேன்.
3. கூண்டின் தரைக்கு நான் எழுதியிருந்த வலையைப் போடவில்லை.
4. வேறு வலை போடலாமா என்று என்னைக் கேட்கவில்லை. என் அப்பாவைக் கேட்டார்கள்.
5. அப்பா சரி என்றார்.
6. ஏழு குட்டிகள் பிறந்தன. நான்கு செத்துப்போயின.

இதைக் கேட்கிற பெண்கள் எல்லாரும் நான்காவது வரியிலேயே என் பக்கம் வந்துவிடுவார்கள். நானும் அங்கேதான் நின்றேன். ஆனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அது எனக்கு அன்று மத்தியானம்தான் தெரிந்தது.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். சிறுசேரியில் ஒரு நிறுவனத்தில் இயந்திர பாகங்களுக்குக் கணினியில் வரைபடம் போடுகிறேன். நான் வரைகிற எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கோ ஒரு தொழிற்சாலையில், ஏதோ ஒரு இயந்திரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதனால், அம்மாவும் நானும் வண்டலூருக்கு அப்பால் ஒரு பண்ணையிலிருந்து இரண்டு பெண் முயலும் ஓர் ஆண் முயலும் வாங்கி வந்தபோது, கூண்டை நான்தான் வடிவமைப்பேன் என்று சொல்லிவிட்டேன். குட்டிகளை, வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஜோடி ஜோடியாகக் கொடுப்பதாகத் திட்டம். நான் வரைந்த ஒரு பொருள் முதல்முறையாக எங்கள் வீட்டிலேயே நிற்கப்போகிறது என்பது என் தனி சந்தோஷம்.

இரண்டு வாரம் வேலைக்குப் போய் வந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அதுதான். பெருச்சாளி ஏறாமலிருக்கக் கால்கள் மூன்றடி உயரம். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் அடியில் தண்ணீர் ஊற்றும் கிண்ணம். நம் ஊர் வெயிலில் முயல் சுருண்டு விழுந்துவிடும் என்பதால் மேலே தகடு, நான்கு அங்குலம் கீழே ஓலை, நடுவில் காற்று. மழைச் சாரல் அடிக்கிற பக்கம் சுருட்டி விடுகிற தார்ப்பாய். பக்கங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு அங்குலக் கண் உள்ள வலை போதும். தரைக்கு மட்டும் அரைக்கு ஒன்று. காரணம் எளிது. அரை அங்குலக் கண்ணில் புழுக்கை விழும், குட்டி விழாது. பிறந்த முயல் குட்டி என் சுண்டு விரலைவிடச் சற்றுப் பெரியதாக, முடியில்லாமல், கண் திறக்காமல் இருக்கும். முதல் பிரசவத்தில் சில முயல்கள், நாம் வைக்கிற மரப்பெட்டிக்குள் போகாமல் வெளியே வலையின் மேலேயே ஈன்றுவிடும். அதற்காகத்தான் அரை அங்குலம்.

வரைபடத்தின் வலது மூலையில் என் பெயர், என் எண். அதற்கு மேல் சிவப்பில் ஒரு வரி: எதையும் மாற்றுவதற்கு முன் இந்த எண்ணுக்கு அழைக்கவும்.

பட்டறைக்கு முதல் நாள் போனபோது, வெல்டர் அண்ணன் காகிதத்தை வாங்கிக்கொண்டு என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார். கூட யாரும் வரலையா என்று கேட்டார். கால் மூன்றடி வேண்டும் என்றேன். ரெண்டரை போதும் பாப்பா, ஆடும் என்றார். ஆடாது, குறுக்குக் கம்பி காட்டியிருக்கிறேன் என்றேன். சிரித்தார். கடைசியில் மூன்றடி என்று சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், தகட்டின் சரிவு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் இதே கதைதான். நான்கு முறை போனேன். கூண்டைக் கொண்டுவந்து இறக்கும்போது வீட்டில் ஆள் வேண்டுமே என்று அப்பாவின் எண்ணையும் கொடுத்தேன்.

இதற்குள் ஒரு பெண் முயல் சினையாகிவிட்டது. இணை சேர்த்த நாளிலிருந்து முப்பது, முப்பத்தொரு நாளில் ஈனும். அம்மா சமையலறைக் காலண்டரில் தேதியைச் சுழித்து வைத்தாள். நான் பட்டறைக்குப் போன் போட்டு, தேதி நெருங்குகிறது என்று இரண்டு முறை அவசரப்படுத்தினேன். பிறகு அலுவலக வேலையாகக் கோயம்புத்தூர் போக வேண்டி வந்தது. நான்கு நாள்.

மூன்றாம் நாள் அப்பா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். கூண்டு வந்துவிட்டது. பச்சைப் பெயின்ட் அடித்து, என் வரைபடம் எழுந்து நிற்பது போலவே இருந்தது. முன்பக்கத்திலிருந்து எடுத்த படம், தரை தெரியவில்லை. நான் ஓர் இதயப் பொம்மையைப் பதிலாக அனுப்பினேன். அளவு சரிபார்க்கும் பட்டியல் என் பையில்தான் இருந்தது. அதை அப்பாவுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பக்கூடத் தோன்றவில்லை.

திரும்பி வந்த அன்று காலை கிளாம்பாக்கத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தேன். அம்மா சந்தில் கூண்டுக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் எதையோ பொத்தி வைத்திருந்தாள். "நாள் இருக்குன்னு நெனச்சேன்டி" என்றாள்.

முயல் ஒரு நாள் முன்னதாக ஈன்றிருந்தது. பெட்டிக்கு வெளியேதான். பஞ்சு போல முடியைப் பிய்த்துப் பெட்டிக்குள் மெத்தை எல்லாம் போட்டிருந்தது. கடைசி நேரத்தில் ஏனோ வலை மேல் ஈன்றுவிட்டது. மூன்று குட்டிகள் வலை மேலே கிடந்தன. அதில் ஒன்றின் பின்னங்கால்கள் வலைக் கண் வழியாகக் கீழே தொங்கின. நான்கு குட்டிகள் கீழே விழுந்திருந்தன. கூண்டின் கால்களுக்கு அடியில் நான் வரைந்திருந்த கிண்ணங்களில் தண்ணீர் நிறைய இருந்தது. ஓர் எறும்புகூட மேலே ஏற முடியாதுதான். ஆனால் குட்டிகள் எறும்புகளிடம் இறங்கி வந்திருந்தன. மூன்று ஏற்கெனவே போய்விட்டன. நான்காவதைத்தான் அம்மா முந்தானையில் வைத்திருந்தாள்.

பையைக் கீழே வைக்காமலேயே தரை வலையில் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் சேர்ந்து போயின. ஒன்றுக்கு இரண்டு. பக்கத்துக்குப் போட வேண்டிய வலையைத் தரைக்கும் போட்டிருந்தார்கள்.

செருப்பு அலமாரியின் ஒரு பலகையைக் கழற்றிக் கழுவித் தரையில் போட்டேன். குட்டிகளைத் துணியில் சுற்றிச் சூடு காட்டி, பெட்டிக்குள் அந்த முடி மெத்தையில் வைத்தோம். முந்தானைக் குட்டி மட்டும் சூடாகவே இல்லை. பத்து மணிக்குள் அதுவும் போய்விட்டது.

அப்பா குளித்துவிட்டு வந்தார். பட்டறையிலிருந்து போன் வந்ததாகவும், ஏதோ வலை கிடைக்கவில்லை, வேறு போடலாமா என்று கேட்டதாகவும், தேதி நெருங்குகிறதே என்று சரி சொன்னதாகவும் சொன்னார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "வேலையா போயிருக்க, சின்ன விஷயத்துக்கு எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேம்மா."

அம்மா கை கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "இவரைக் கேட்டானாமா? இவருக்கு முயலுக்கு எத்தனை காலுன்னு கேளு, தெரியுதா பாப்போம்."

அன்று லீவு சொல்லிவிட்டேன். மத்தியானம் வரைபடத்தின் பிரதி, இரும்பு ஸ்கேல், மிச்சமாகக் கிடந்த ஒரு துண்டு வலை, மூன்றையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தினேன். குரலை உயர்த்தக் கூடாது என்பது முதல் குறிப்பு.

வெல்டர் அண்ணன் ஓர் இரும்புக் கேட்டுக்கு வெல்டு வைத்துக்கொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கிவிட்டு, என்ன பாப்பா, கூண்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். வலையை மேஜை மேல் வைத்து, ஸ்கேலை அதன் மேல் வைத்து, காகிதத்தைப் பக்கத்தில் வைத்தேன். ஏழு பிறந்தது, நான்கு செத்தது என்று சொன்னேன். அவர் முகம் உண்மையாகவே மாறியது. கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"அய்ய, எனக்கு இன்னா தெரியும் பாப்பா, குட்டி வுயும்னு? அரை இஞ்ச் வலை இந்தப் பக்கம் எங்கியும் இல்ல. பாரீஸ் கடைங்கள்ல சொல்லி வச்சாத்தான் வரும், ஒரு வாரம் ஆவும்னானுங்கோ. நீ அவசரம்ன. அதான் சாராண்ட கேட்டேன். போடுன்னாரு."

"டிராயிங்ல என் நம்பர் இருக்குண்ணா. சிவப்புல எழுதியிருக்கேன். என்னை ஏன் கேக்கல?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நிதானமாகத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ எத்தினி தபா இங்க வந்த? நாலு தபா. கால் மூணடி வையின்னு யாரு சொன்னாங்கோ? அப்பா சொன்னாரு. கதவு இந்தாண்ட வையி, அப்பா சொன்னாரு. தகடு சாய்ச்சு போடு, அப்பா கோச்சுப்பாரு. ஒரு தபாவாவது நான் சொல்றேன்னு சொன்னியா நீ? வேல சொன்னவரு சாரு. அப்போ நானு சாரைக் கேப்பனா, உன்னியக் கேப்பனா?"

பக்கத்தில் யாரோ கம்பி அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை காகிதத்தில் என் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். 

விடுபட்ட வரி இதுதான். என் அளவுகளை எல்லாம் அப்பாவின் அளவுகளாகச் சொன்னது நான். அப்பா அந்த வரைபடத்தைப் பார்த்ததுகூடக் கிடையாது. முதல் நாள், நான் சொன்னபோது ரெண்டரை போதும் என்று சிரித்தவர், அப்பா மூன்றடிதான் வேண்டும் என்கிறார் என்று சொன்ன நொடியில் சாக்பீஸை எடுத்தார். வேலை நடந்தது. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் அதையே சொன்னேன். இந்த வழி நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. பிளம்பரிடம், எலக்ட்ரீஷியனிடம், ஆட்டோக்காரரிடம், வீட்டுக்கு வாடகை பேசும்போது, எனக்குத் தெரிந்த எல்லாப் பெண்களும் ஒரு அப்பாவையோ வீட்டுக்காரரையோ அண்ணனையோ வாயில் வைத்திருக்கிறார்கள். என் தோழி ஒருத்திக்குக் கல்யாணமே ஆகவில்லை, ஏசி மெக்கானிக்கிடம் "எங்க வீட்டுக்காரர் வந்து பார்ப்பார்" என்பாள். நாங்கள் சிரிப்போம். அது சாமர்த்தியம் என்று நினைத்தோம்.

என் கோபம் அங்கே தணிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தணியவில்லை. காகிதத்தில் எழுதியிருந்ததை அவர் படித்திருக்க வேண்டும். பாட்டன் பூட்டன் யார் சொன்னாலும் மூன்றடி மூன்றடிதான். நான் சொன்னால் சிரிப்பு, அப்பா சொன்னதாகச் சொன்னால் சாக்பீஸ் என்றால், அது அளவின் குறை இல்லை, என் குறையும் இல்லை. இதை அவரிடமே சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் மறுக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, வலை வாங்கி வந்தால் உடனே மாற்றித் தருகிறேன் என்றார்.

ஆனால் வழி நெடுக இன்னொன்றும் கூடவே வந்தது. நான்கு முறை அந்தப் பட்டறைக்குப் போய், இந்தக் கூண்டின் விஷயத்தில் கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை என்று அவருக்கு நானேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்புறம் சிவப்பு மையில் என் எண்ணை எழுதி என்ன பயன்?

சாயங்காலம் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன்.  "அதான் அவன், நீங்க சொன்னபடியே கால் மூணடி வச்சிருக்கேன் சார்னு ஆரம்பிச்சான். நான் எப்படா சொன்னேன்னு யோசிச்சுக்கிட்டே எல்லாத்துக்கும் சரின்னுட்டேன்" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இருந்தாலும் உனக்கு ஒரு போன் போட்டிருக்கணும்மா. தெரியாததுக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்" என்றார். அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் குரோம்பேட்டையில் ரயில் ஏறிப் பாரீஸ் போனேன். சொல்லி வைக்க வேண்டியதெல்லாம் இல்லை, மூன்றாவது கடையிலேயே இருந்தது. அரைக்கு ஒன்று வலைச் சுருளைப் பெண்கள் பெட்டியில் காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு வந்தேன். அண்ணன் அன்றைக்கே வீட்டுக்கு வந்து தரையை அறுத்து மாற்றினார். போகும்போது கூண்டிலிருந்த மரப்பெட்டியைத் திறந்து, பிழைத்த மூன்று குட்டிகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

இன்றைய நிலை இது. மூன்று குட்டிகளில் இரண்டு, ஒரு ஜோடியாக மேடவாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயின. ஒன்றை அம்மா கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். அதே தாய் அதற்குப் பிறகு இரண்டு முறை ஈன்றது, ஒரு குட்டிகூடக் கீழே விழவில்லை. இரண்டாவது கூண்டு அதே பட்டறையில் தயாராகிறது. கொக்கி எந்தப் பக்கம் என்று அண்ணன் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, சாரும் ஓகே சொல்லிட்டாரா என்றும் கேட்டார். சாருக்கு இது தெரியாதுண்ணா, நான்தான் சொல்றேன் என்றேன். போன வாரம் தண்ணீர் மோட்டார் பார்க்க வந்தவரிடமும் அதையே சொன்னேன். அவர் சிரித்தார், வாசலைப் பார்த்தார், வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா என்றார். நான் முதலிலிருந்து மறுபடி விளக்கினேன். இப்படிச் சொல்ல ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. ஆகட்டும்.