நாத்தனார் ரத்தத்தை அடக்கிய புரதம்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டாள். புகுந்த வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஒரு காய்ச்சல் வைரஸின் புரதத்தோடு மல்லுக்கட்டுவது அவள் வேலை. கிருமி புகுந்த செல், அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அபாயச் செய்தி அனுப்பும். செய்தி எட்டிய ரத்தச் செல்லுக்குள் ஒரு தூதுப் புரதம் உட்கருவுக்கு ஓடிப்போய் எதிர்ப்பைக் கிளப்பிவிடும். வைரஸின் புரதமோ அந்தத் தூதுவனை வழியிலேயே மடக்கிப் பிடித்துக்கொள்ளும். எந்தப் பிடியால் மடக்குகிறது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. பம்பரம் வைரஸ் புரதத்தில் ஒவ்வோர் இடமாக மாற்றிப் பார்த்தாள். ஊஹூம்.

சோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் அவள் நாத்தனாரும் ஒருத்தி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள்.

“அண்ணி, என் செல்லு என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல. வைரஸ் வாயடைச்சிருச்சு.”

“என்னையா? எங்கண்ணனாலயே முடியலையே!”

ஒரு காலையில், புதிதாக மாற்றிய புரதத்தை நாத்தனாரின் ரத்தச் செல்களில் சேர்த்துவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள் பம்பரம். தூதுவனுக்குப் பச்சைச் சாயம் ஏற்றியிருந்தாள். வழக்கமாக நடுவில் ஓட்டை விழுந்த பச்சை வளையங்கள்தான் தெரியும். இன்று உட்கருவெல்லாம் பச்சைப் பசேல்! தூதுவன் உள்ளே போய்விட்டான்.

அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. புரதத்தைச் சேர்க்கவே மறந்துவிட்டோமோ? நாத்தனாரைத் திரும்ப வரவழைத்து, புது ரத்தத்தில் ஆய்வகத் தோழி ஒருத்தியை விட்டே சோதனையைச் செய்யச் சொன்னாள். மாற்றாத புரதத்தில் அதே வளையங்கள். மாற்றிய புரதத்தில் மறுபடியும் உட்கருவெல்லாம் பச்சை.

பம்பரம் போட்ட கூச்சலில் துறைத்தலைவர் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். பார்த்தார். “அம்மாடியோவ்!” என்று சுழல் நாற்காலியில் விழுந்து, கால் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

“மருந்தாகறதுக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கும்மா” என்றார், சுற்றிக்கொண்டே. யார் காதிலும் ஏறவில்லை.

நாத்தனார் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். “அண்ணி, ஜெயிச்சிட்டோமா?”

“பிடிய விட வச்சிட்டோம்டி!”

இருவருமாகப் பம்பரத்தின் கணவனுக்குப் போன் போட்டார்கள். இந்தப் பக்கம் சிரிப்பு மட்டுமே வந்தது.

“யாராவது ஒருத்தர் வாயத் திறந்து சொல்லுங்களேன்!” என்று கெஞ்சிக் கெஞ்சி, என்னவென்றே தெரியாமல் அவனும் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.