பகவதி எழுதிய பகுதி

“...அப்போ என் மூஞ்சிக்காகத்தான் இதை விட்டுவெச்சிருக்கே, அல்லே? ‘தாட்சண்யம் தன நாசம்’னு எங்க அம்மை சொல்லுவா, கேட்டியா?” என்றாள் பகவதி.

திருவனந்தபுரம் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பராமரிப்பது, தகவல்களையெல்லாம் கணினியின் நினைவகத்திலேயே வைத்துச் சட்டென்று எடுத்துத் தரும் ஒரு டேட்டாபேஸ். நினைவகம் நிறைந்துவிட்டால் எந்தப் பழைய தகவலைக் கழிப்பது என்று முடிவு செய்யும் பகுதி பகவதி எழுதியது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவோம். அவளுக்கு அதில் பெருமை உண்டு.

அதைவிட வேகமான ஒன்றை நான் எழுதிவிட்டேன். ஆனால் அவளுடையதை நீக்கக் கை வரவில்லை. வேண்டியவர்கள் பழையதையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வசதி செய்து, அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

“பழசை ஒருத்தரும் தொடமாட்டாங்க. ஆனா இனி எதை மாத்தினாலும் ரெண்டு இடத்துல மாத்தணும். யாரு மாத்துவா, உன் மாமனாரா?”

“அது நீ எழுதினதாச்சே,” என்றேன்.

“அதான் உனக்குப் பேடி.”

உண்மைதான். அவள் முகம் வாடுமோ என்ற பயத்தைத்தான் மரியாதை என்று நினைத்திருக்கிறேன்.

பகவதி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். தான் எழுதியதை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நிதானமாகப் படித்தாள். பிறகு முழுவதையும் அழித்தாள்.