படிவத்தின் மூன்றாவது கேள்வி

ஸ்கான் அறைக்குள் போகுமுன் ஒரு படிவம் தருவார்கள். அதில் மூன்றாவது கேள்வி: உடம்பில் உலோகம் ஏதும் உண்டா? வருடத்துக்கு ஒருமுறை தொடையைக் காட்டப் போகிறேன். ஒவ்வொரு முறையும் அந்த வரியில் பேனா நின்றுவிடுகிறது. உடனே எக்ஸ்ரே ஐயா நினைவுக்கு வந்துவிடுவார்.

சண்டைக்காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. முழங்காலுக்கு மேல் ஒரு வீக்கத்தோடு வெருகல் பக்கத்திலிருந்து திருகோணமலைக்கு வந்திருந்தேன். எலும்பில் கட்டி என்றார் டொக்டர். எலும்பு அரித்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. எலும்பு மச்சைக்குள் கட்டி எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ.யில்தான் சரியாகப் பார்க்கலாம். அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும். எல்லை தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். தெரியாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும்.

கொழும்புக்கான படிவத்தை நிரப்பியவர் எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே ஐயாதான். கடுகடுத்த மனிதர். ஓர்ஸ் ஹில்லிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியதுமே வரிசையில் நிற்பவர்களை ஏசத் தொடங்குவார். எனக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது.

"உடம்பில இரும்பு ஏதும் கிடக்கோ?"

"இல்லை" என்றேன். யோசிக்கவே இல்லை. என் புருவத்துக்குள் ஒரு ஷெல் துண்டு கிடந்தது. ஆனால் அது இருப்பது தெரிந்தால், போராளி என்று நினைத்து, சென்றி என்கிற சோதனைச் சாவடியில் பிடித்து வைத்துவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

ஐயா என் புருவத் தழும்பைப் பார்த்தார். ஏசவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அலுமாரியிலிருந்து பெயர் எழுதாத பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை எடுத்து வெளிச்சப் பெட்டியில் செருகினார். ஒரு தோள். அதற்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

"இது என்ர தோள், பிள்ளை. நானும் சென்றியில இல்லையெண்டுதான் சொல்லுறனான். ஆனா அந்த மெஷினிட்டப் பொய் சொல்ல ஏலாது. உள்ளுக்க இருக்கிறது பெரிய காந்தம். துண்டு அசைஞ்சுதெண்டால் கண் போயிடும்."

அந்தப் படத்தைப் பற்றி நான் வெளியில் வாய் திறந்திருந்தால் அவர் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். முன்பின் தெரியாத என்னிடம் அதைக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஓம் ஐயா, கிடக்குது" என்றேன்.

அவரே டொக்டரோடு கதைத்துத் துண்டை எடுப்பித்தார். அரிசிக் குறுணியளவுதான் இருந்தது. பிறகு என் தலையை இரண்டு பக்கமும் மறுபடி படம் பிடித்துப் பார்த்துவிட்டே படிவத்தில் "இல்லை" என்று எழுதினார். கட்டி மூட்டுக்குள் இறங்காமல் நின்றது கொழும்பில் எடுத்த படத்தில் தெரிந்தது. கால் தப்பியது. வெட்டிய இடத்தில், காந்தத்துக்குப் பயமில்லாத ஓர் உலோகத் தகடு வைத்தார்கள்.

சண்டை முடியுமுன்பே ஐயா மாரடைப்பில் போய்விட்டார். அந்த இரண்டு துண்டுகளும் அவரோடே போயின.

இப்போது சாவடிகள் இல்லை. ஆனாலும் மூன்றாவது கேள்வியில் கை முதலில் "இல்லை" என்று எழுதத்தான் போகிறது. நிறுத்தி, "உண்டு, இடது தொடை" என்று எழுதிக் கொடுக்கிறேன். தாதி அதை வாசித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போகச் சொல்கிறாள். ஐயாவுக்கு "உண்டு" என்ற அந்தப் பதிலை என்னைத் தவிர வேறு ஒருவரிடமாவது சொல்லக் கிடைத்ததா, தெரியவில்லை.