கவிழ்த்து வைத்த மெஷினும் சுமதியின் விசாவும்

பூக்கடைக்காரிக்கு வெயில் பயம், மீன்காரருக்கு ஐஸ் கரையும் பயம், வீடியோ கேம் கடை வைத்திருப்பவளுக்கோ எல்லாப் பயமும் எந்த நேரமும்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், எங்கள் வீட்டு முன்னறையில்தான் அந்தக் கடையை நடத்தினேன். சண்டைக் காலம். மகள் கல்யாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டாள். மகன் சுவிஸில். அம்மா தனிய இருந்து யோசித்துக்கொண்டு இருக்கக் கூடாது என்று அவன் அனுப்பி வைத்ததுதான் அந்த மெஷின். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எந்த பட்டன் எதற்கு என்று விளையாட வந்த பிள்ளைகளிடமே கேட்டுப் படித்தேன். நீங்களும் ஒரு காலத்தில் பெருவிரல் நோக நோக விளையாடி, கடைசி நிமிஷத்தில் எல்லாம் போய், சாப்பிடாமல் போய்ப் படுத்த ஆளென்றால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதினமாக இராது.

ரை கட்டிய காரோட்டி

என் கடைக்கு ஒழுங்காக வந்த முதல் ஆள் ஜெயக்குமார். வங்கியில் வேலை, முப்பது வயதிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து, கழுத்து ரையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுவிட்டு, கார் ஓட்டுகிற கேமில் இருப்பார். ரீவியில் கார் இடப்பக்கம் திரும்பினால் கதிரையில் இவரும் இடப்பக்கம் சரிவார். அவருடைய ஒரே பயம் வங்கி மனேஜர். வாசலில் ஆர் தட்டினாலும் முகம் வெளிறிவிடும்.

ஒரு நாள் தட்டியது மனேஜரேதான். கண்ணாடிக்குள்ளால் கண்டதும் ஜெயக்குமார் பாய்ந்து திரைச்சேலைக்குப் பின்னால் போய்விட்டார். ஆனால் கொன்ரோலைக் கையிலிருந்து விடவில்லை. மெஷினிலிருந்து திரைச்சேலை வரைக்கும் வயர் உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரி இழுபட்டு நின்றது. மனேஜர் உள்ளே வந்து வயரைப் பார்த்தார், திரைச்சேலைக்குக் கீழே தெரிந்த சப்பாத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து வலு மரியாதையாகக் கேட்டார்:

"அம்மா, திரைக்குப் பின்னால நிக்கிறவர் முடிச்சிட்டாரோ? இண்டைக்கு எனக்கும் கொஞ்ச நேரந்தான் இருக்கு."

மேலே ஒன்று, கீழே ஒன்று

அந்தக் காலத்து டிஸ்க்குகள் எங்கிருந்து வந்தன என்று என்னைக் கேட்காதேங்கோ, நானும் ஒருவரையும் கேட்கவில்லை. நல்லாய்ப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று துள்ளும். வாளோடு பாய்ந்தவன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி ஆகாயத்தில் நிற்பான். அதற்குப் பிறகு நீங்கள் எந்த பட்டனை அமத்தினாலும் அவன் இறங்க மாட்டான். அந்த நேரம் விளையாடுகிறவரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

இதற்கு வைத்தியம் தெரிந்தவர் ஃபாரிஸ். பக்கத்து ஊரான பாமன்கடையில் வீடு, வாப்பாவின் ஹாட்வெயார் கடையில் வேலை. மெஷினைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். அவ்வளவுதான், ஆகாயத்தில் நின்றவன் இறங்கி நடப்பான். ஏன் என்று அவருக்கும் தெரியாது. எனக்கு வேறு கவலை. வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றி, தையல் மெஷினுக்கு வைப்பது போல இதன் மூடியிலும் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தேன். இப்போது பொட்டு மேசையோடு முகங்குப்புறக் கிடந்தது. அது நல்லதில்லையே தம்பி என்றேன். ஃபாரிஸ் உண்மையாகவே யோசித்தார்.

"அப்ப அடியிலயும் ஒண்டு வெச்சிடுங்க ஆன்ட்டி. எந்தப் பக்கம் பொரட்டினாலும் மேல ஒண்டு ஈக்கும்."

வைத்தேன்.

விதானையார் பொய் சொல்கிறார்

சுமதி என் கடைக்கு வந்தது கறிவேப்பிலை கேட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து தாயும் மகளுமாக வந்து, பக்கத்து வீட்டு மேல்மாடியில் ஓர் அறை எடுத்து இருந்தார்கள். சுமதிக்குப் பேசிய மாப்பிள்ளை கனடாவில். அவர் ஸ்பொன்சர் பண்ணி, விசா வருவதற்காகத்தான் காத்துக்கொண்டு இருந்தார்கள். கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஜெயக்குமார் விளையாடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நீலச் சட்டைக்காரன் ஒருவன் வாளோடு ஊரூராகப் போகும் கேம் அது. கன நாளாக ஒரே காட்டுக்குள் சுற்றிக்கொண்டு நின்றார் ஜெயக்குமார். "அண்ணை, அந்தக் கிணத்துக்குப் பின்னால ஒரு வாசல் இருக்கெல்லே, அதால ஏன் போகேல்ல?" என்றாள். அன்றைக்கு அவர் எழும்பி விட்ட கதிரை, அதற்குப் பிறகு அவளுடையதுதான்.

கேமில் வரும் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. சுமதி அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை, கதையைத் தானே சொல்லிக்கொண்டு விளையாடுவாள். தாடி வைத்த கிழவர், ஊருக்குத் தலைமைக்காரரான விதானையார். மருந்து விற்கும் பெண் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். நீலச் சட்டைக்காரன் தொலைந்துபோன தன் தங்கச்சியைத் தேடிப் போகிறான். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரல். ஜெயக்குமாரும் ஃபாரிஸும் தங்கள் விளையாட்டை விட்டுவிட்டு, நிலத்தில் குந்தியிருந்து கேட்பார்கள். தாய் பரமேஸ், சோறு ஆறுது என்று சொல்லிக் கூப்பிட வருவா. வந்தவ தானும் இருந்துவிடுவா. ஒரு நாள் ரீவிக்குக் கிட்டக் குனிந்து பார்த்துவிட்டு மகளுக்குச் சொன்னா:

"விதானையார் பொய் சொல்லுறார் பிள்ளை. ஆளின்ர முழியைப் பார். அவரை நம்பி அந்தப் பக்கம் போகாத."

இரண்டு பெட்டி

விளையாடிய இடம் வரைக்கும் பதிந்து வைப்பதற்கு மெமரி காட் என்று ஒரு சின்னத் துண்டு உண்டு. பதியும்போது மெஷின் ஒரு கேள்வி கேட்கும், இரண்டு பெட்டி காட்டும். ஒன்று பதி என்பது, மற்றது அழி என்பது. எது எதுவென்று ஜப்பான்காரருக்குத்தான் வெளிச்சம். எப்போதும் இடப்பக்கம் அமத்துவது என்று எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. அந்த நேரம் ஒருவரும் கதைக்கக் கூடாது. நான் குசினியில் நின்றாலும் கரண்டியை வைத்துவிட்டு ஒருக்கால் கண்ணை மூடிக்கொள்வேன்.

கேமில் வரும் மாளிகைகளில், நாலாவதில் மட்டும் அந்தப் பாழாய்ப்போன பெட்டிகள் இடம் மாறி நின்றன. சுமதி வழக்கம் போல இடப்பக்கம் அமத்தினாள். வாள், குதிரை, சேர்த்து வைத்த மருந்து, எல்லாம் போய்விட்டன. நீலச் சட்டைக்காரன் முதல் நாள் போல வெறுங்கையோடு கட்டிலில் நித்திரை. ஜெயக்குமார் ரையைக் கழற்றி மடியில் வைத்தார். ஃபாரிஸ் எழும்பி வாசலில் போய் நின்றார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தோம். சுமதி கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி, திரும்பி வந்து, அதே கதிரையில் இருந்து கொன்ரோலை எடுத்தாள்.

"பரவாயில்லை. போன முறை விதானையாரோட கொஞ்சம் மரியாதையில்லாமல் கதைச்சுப்போட்டன். இந்த முறை ஒழுங்காக் கதைப்பம்."

பிள்ளையாருக்கு வந்த சங்கடம்

இரண்டாம் முறை அவள் முன்னையிலும் வேகமாகப் போய், ஒருவரும் கண்ணால் காணாத கடைசி மாளிகை வாசலுக்கே வந்துவிட்டாள். அந்த வருஷம் மழை இல்லை, கரண்ட் எடுக்க அணையில் தண்ணியும் இல்லை. எந்தப் பகுதிக்கு எப்போது கரண்ட் வெட்டு என்று பேப்பரில் போடுவார்கள். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது போல அதைப் பார்த்துப் பார்த்துத்தான் விளையாட்டு. ஆனால் கரண்டை விடப் பெரிய பயம் ஒன்று இப்போது எல்லாருக்கும் வந்திருந்தது. விசா வந்தால் சுமதி போய்விடுவாள். அவள் போனால் அந்த மாளிகைக்குள் என்ன இருக்கிறது என்று இந்தப் பிறப்பில் ஒருவரும் அறியப்போவதில்லை.

காலையில் கோயிலுக்குப் புறப்பட்டேன் என்றால் பரமேஸ் மாடியிலிருந்து சொல்லுவா, "அக்கா, இவளின்ர விசா கெதியா வரோணும் எண்டு ஒரு தேங்காய் உடையுங்கோ." ஒழுங்கை முனையில் பஸ்ஸுக்கு நிற்கும் ஜெயக்குமார் சொல்லுவார், "அன்ரி, விசா வரட்டும், நான் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஆனா அவசரமில்லை எண்டு பிள்ளையாருக்கு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ." ஃபாரிஸ் தங்கள் பக்கத்தில் தனியாக துஆ கேட்பதாகச் சொன்னார். எனக்கு பரமேஸை நினைத்தால்தான் மனம் உருகும். இரவில் ஒழுங்கைக்குள் ஒரு வாகனம் வந்து நின்றால், மகளைப் பிடித்துப்போக வந்ததோ என்று, அது போகும் வரைக்கும் அந்த மனுசி கட்டிலில் எழும்பியிருப்பா. அதனால் தேங்காயைத் தாய்க்காக உடைத்தேன், கடைப் பிள்ளைகளுக்காக ஒரு பூ வைத்தேன். உனக்கு எது வேணும் பிள்ளை என்று சுமதியையே கேட்டேன்.

"ரெண்டும் வேணும் அன்ரி. விசா வராட்டி அம்மாவுக்கு நித்திரை இல்லை. இது முடியாட்டி எனக்கு நித்திரை இல்லை."

துவாய்க்குக் கீழே

தேங்காய்தான் வென்றது. விசா வந்தது, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிளேன் ரிக்கற் போட்டார்கள். சாறி வாங்க, தைக்கக் கொடுக்க, பெட்டி அடுக்க என்று நாட்கள் ஓடிவிட்டன. மிஞ்சியது ஞாயிறு காலை மட்டும். பேப்பரைப் பார்த்தால் அன்றைக்குக் காலை முழுக்க எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. பாமன்கடையில் இருந்தது. "எங்கட ஊட்டுக்குக் கொண்டு வாங்க," என்றார் ஃபாரிஸ்.

மெஷினைப் பைக்குள் வைத்து, தூசி படக் கூடாதென்று மேலே துவாயால் மூடி, நானும் சுமதியும் பரமேஸும் ஓட்டோவில் ஏறினோம். ஃபாரிஸின் மோட்டார் சைக்கிளில் ஜெயக்குமார் பின்னால் வந்தார். வழியில் ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றிப் பொயின்ற். ஆமிக்காரப் பெடியன் துவாயைத் தூக்கினான். உள்ளே சாம்பல் நிறப் பெட்டி, அதைச் சுற்றி வயர். அந்தக் காலத்தில் அது பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் இரண்டடி பின்னுக்குப் போய் மற்றவனைக் கூப்பிட்டான். விசாரணைக்கென்று ஸ்டேசனில் இருத்தினால் பிளேன் போய்விடும். எனக்குத் தெரிந்த சிங்களம் மீன் வாங்கக் காணும், இதற்குக் காணாது. முருகா முருகா என்றபடி இருந்தேன். பின்னால் வந்த ஃபாரிஸ் இறங்கி ஓடிவந்து, அண்ணன் முறை வைத்து, "அய்யே, இது கேம்," என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினார்.

மற்றவன் கொஞ்சம் மூத்தவன். பெட்டியைக் கையில் எடுத்து மேலே இருந்த பொட்டைப் பார்த்தான். புரட்டினான். அடியிலும் பொட்டு. எங்களை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, பையில் திரும்ப வைத்துத் துவாயையும் இழுத்து மூடிவிட்டான். அவன் சிரித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னதை, ஓட்டோ புறப்படும்போது ஃபாரிஸ் எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"அம்மே, எங்க ஊட்டுலயும் டிஸ்க் துள்ளக்குள்ள கவுத்துத்தான் வெக்கிற. பொட்டு வெக்கத்தான் எங்களுக்குத் தெரியாமப் பெய்த்து."

தங்கச்சி எங்கே

ஃபாரிஸின் உம்மா பாய் விரித்து, தேத்தண்ணியும் இனிப்புக்கு வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தா. சுமதி தொடவில்லை. கடைசி மாளிகைக்குள் இருந்தது கறுப்புப் பறவை ஒன்று, ரீவி கொள்ளாத அளவு. முதல் முறை அடித்து விழுத்தியது. இரண்டாம் முறையும் விழுத்தியது. பரமேஸ் மணிக்கூட்டைப் பார்த்தா, ஆனால் எழும்பு என்று சொல்லவில்லை. மூன்றாம் முறை சுமதி கதை சொல்லவில்லை, வாயே திறக்கவில்லை. பறவை சரிந்தது. ஃபாரிஸின் உம்மா உட்பட எல்லாரும் கை தட்டினோம்.

பிறகு ஒரு துறைமுகம் வந்தது. நீலச் சட்டைக்காரன் கப்பலில் ஏறினான். கரையில் விதானையார் கை காட்டினார். பாட்டு, ஜப்பான் எழுத்தில் பெயர்கள், அதோடு சரி. "இவ்வளவுதானோ?" என்றார் ஜெயக்குமார். பரமேஸுக்குக் கோபமே வந்துவிட்டது. "தங்கச்சி எங்க? அவளைத் தேடித்தானே இவ்வளவு பாடும்?" அந்தத் தங்கச்சி மகள் கட்டிய கதை என்பது அவவுக்கு மறந்துபோய்விட்டது. சொல்லப்போனால் எங்கள் எல்லாருக்கும் மறந்துதான் போயிருந்தது. வாசகர்களே, நீங்கள் எத்தனை கேமை முடித்துவிட்டு இப்படி வெறும் ரீவியைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

அப்போது இருண்ட ரீவியில் கடைசியாக ஒரு வரி வந்தது. அதில் எங்களுக்கு வாசிக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்று: 2. சுமதிதான் முதலில் சிரித்தாள். "இது முடிவில்லை. ரெண்டாம் பாகம் இருக்கு. தங்கச்சி அதுக்குள்ளதான்," என்றாள். அது இங்கே வரவில்லையாம், வெளிநாட்டில்தான் இருக்கிறதாம் என்று ஃபாரிஸ் மெல்லச் சொன்னார். எல்லாரும் சுமதியைப் பார்த்தோம். கனடா என்றால் குளிர், பனி, தெரியாத மாப்பிள்ளை என்று அதுவரை பயந்துகொண்டிருந்த பிள்ளை, வட்டிலப்பத்தை இழுத்து வைத்து முழுக்கச் சாப்பிட்டாள். அன்று பின்னேரம் தாயைக் கட்டிப்பிடித்து அழுது, எயார்போட்டுக்குப் போகும் வான் வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, "தங்கச்சியைக் கண்டால் உடன போன் எடுப்பன் அன்ரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில், ரை கட்டியபடி அர்ச்சனைத் தட்டோடு நின்றார் ஜெயக்குமார். பக்கத்தில், செருப்பைக் கழற்றாமல் வெளியே ஃபாரிஸ். ஜெயக்குமார் தட்டை என்னிடம் நீட்டினார்.

"அன்ரி, இனி மற்ற மாதிரிச் சொல்லுங்கோ. எங்களுக்கும் விசா வேணும், அவசரம்."

ஊரே உயிரைக் காப்பாற்ற விசா கேட்டு நின்ற அந்த நாளில், இல்லாத ஒரு தங்கச்சியைத் தேடிப் போக விசா கேட்ட என் கடைப் பிள்ளைகளின் விண்ணப்பத்தைப் பிள்ளையார் எந்தக் கட்டுக்குள் செருகி வைத்தாரோ, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.